எலும்பும் தோலும்

வெள்ளவத்தை,
03.02.2024

என்ர செல்லப் பிள்ளை உஷாந்திக்கு,

ஆசுப்பத்திரியில் உன் போனை வாங்கி வைத்துவிட்டார்களாம், கடிதம் மட்டும் தருவார்களாம் என்று அண்ணா மிதுஷன் சொன்னான். அவன் அனுப்பிய உன் படத்தைப் பார்த்தேன். என்ன கோலமடி இது? எலும்பும் தோலுமாய்க் கிடக்கிறாய்! அப்பா பார்க்கமாட்டேன் என்று பல்கனியில் போய் நிற்கிறார். கனடாவில் சோத்துக்கா பஞ்சம்? ஒரு வாய் சாப்பிடு குஞ்சு.

உன் அம்மா,
நேசமலர்

ரொறன்ரோ,
27.02.2024

அன்பு அம்மா,

கோபிக்காதேங்கோ, ஒன்று சொல்லவேணும். ‘எலும்பும் தோலும்’ என்று நீங்கள் ஏசித்தான் எழுதினீர்கள். எனக்கோ பரிசு கிடைத்த மாதிரி இருந்தது. அந்த வரியையே திரும்பத் திரும்ப வாசித்தேன். அன்றைக்குச் சாப்பாட்டைத் தொடவில்லை. இதுதான் என்ர வருத்தம், அம்மா, மெலிய மெலியச் சந்தோஷப்படுகிற நோய். இனி அந்தச் சொல் வேண்டாம். எனக்குச் சுகமாகவேணும்.

உஷாந்தி

வெள்ளவத்தை,
16.03.2024

என்ர குஞ்சு,

எனக்கு விசர், யோசிக்காமல் எழுதிப்போட்டேன். இங்கே வெளிநாட்டிலிருந்து ஆர் வந்தாலும் வாசலிலேயே, "ஐயோ, மெலிஞ்சு போனாய்!" என்றுதானே சொல்லுவோம். வந்தவர் கதவுக்குள் நுழைய முடியாத குண்டாய் இருந்தாலும் அதுதான். வேறு விதமாய் அன்பு காட்ட எங்களுக்குத் தெரியாது பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கதைக்க விடுவார்களாமே. அப்பாவுக்கும் பக்கத்து பிளாட் சுபோதினி அன்ரிக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். உன் உடம்பைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கமாட்டோம். பிள்ளையார் மேல் சத்தியம்.

அம்மா

ரொறன்ரோ,
09.04.2024

அம்மா,

ஞாயிற்றுக்கிழமை உங்கள் எல்லாரையும் கண்டது சந்தோஷமாய் இருந்தது. அப்பா கிரிக்கெட் கதைத்தார். நீங்கள் மழையைப் பற்றிச் சொன்னீர்கள். அன்ரி என்ர தலைமயிர் வடிவு என்றா. மெலிஞ்சு போனாய் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

சொல்லவேண்டாம் என்று எழுதினது நான்தான். தெரியும் அம்மா. தெரிந்தும், வீடியோ முடிந்ததும் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். குண்டாகிப் போனேன், அதுதான் ஒருத்தரும் சொல்லவில்லை என்று பட்டது. அன்றிலிருந்து தண்ணீர்கூட இறங்கவில்லை. நாளைக்கு மூக்கால் சாப்பாட்டுக் குழாய் விடப் போகினமாம்.

உங்களில் ஒரு பிழையும் இல்லை. வரும் ஞாயிறு கூப்பிடவேண்டாம், கடிதமும் போடவேண்டாம். நீங்கள் சொன்னாலும் நான் சாப்பிடமாட்டேன், சொல்லாவிட்டாலும் சாப்பிடமாட்டேன்.

உஷாந்தி