ரிங்லெட்டில் பசியாற வா

பவளத்தின் அம்மாவுக்கு,

இதை நானே எழுதுகிறேன். முதியோர் வகுப்பில் எழுத்து முழுவதும் கற்றுவிட்டேன். ஒரு வரி எழுதினால் கை களைத்துப்போகிறது, ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது. பவளம்தான் உனக்குப் படித்துக் காட்டுவாள் என்பதால், நீ கோபித்துக்கொண்டு தாப்பாவில் மகள் வீட்டுக்குப் போனதைப் பற்றி எழுதவில்லை.

நேற்று ரிங்லெட்டில் நல்லுசாமி கடையில் பசியாறினேன். சுடச்சுடத் தோசை, நெத்திலிச் சம்பல், அவித்த முட்டை. தேயிலைத் தோட்டத்தில் வேலையில் இருந்தவரை, விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குள் நின்றபடியே விழுங்கினேன். நீயோ மிஞ்சியதைக் கட்டிக்கொண்டுபோய், கொழுந்துக் கூடையருகில் ஆறிய பிறகு தின்றாய். நேற்றுதான் உட்கார்ந்து சாப்பிட்டேன். உடம்பின் அசதி அப்போதுதான் தெரிந்தது.

"என்ன மாமா, அத்தை இன்னும் தாப்பாவிலதானா? கூட்டிட்டு வாங்க லா" என்றான் நல்லுசாமி.

"நான் கூப்பிட்டா வரமாட்டா. உன் தோசை கூப்பிட்டா வரலாம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வா. நேரே தோட்டத்துக்கு, நம் லயத்து வீட்டுக்கு வரவேண்டாம், ரிங்லெட்டிலேயே இறங்கு. நிறுத்தத்தில் நிற்பேன். முதல் தோசை உனக்குத்தான். நீ சாப்பிட்டு முடிக்கும்வரை நான் வாய் திறக்கமாட்டேன். பிறகு மேலே தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸா, கீழே தாப்பாவுக்குப் போகும் பஸ்ஸா என்று நீயே சொல்.

உன் பதிலுக்கு இங்கே காத்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்