அஷ்லிங் என்று பதிந்தேன்

மோர்டன், லண்டன்
20.10.2009

அன்பின் அத்தான்,

மகளும் நானும் சுகம். நீங்களும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, சளி பிடிக்காமல் இருக்க வேண்டுமென்று ஈலிங் அம்மனைக் கும்பிடுகிறேன். கொழும்பிலிருந்து லோயர் வைத்தியநாதன் பேசினார். உங்கள்மேல் வழக்கு ஒன்றும் இல்லை, அடுத்த மாதம் விட்டுவிடுவார்கள் போல இருக்கிறது என்றார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்குகிறது.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். மகளுக்குப் பெயர் பதிந்துவிட்டேன். பிறக்க முன் பெயர் பேசினால் கண்ணூறு என்று இருவருமே வாயை மூடிக்கொண்டிருந்தோம். மாமியைப் பார்க்க இரண்டு கிழமைக்கென்று போனீர்கள். போன இடத்தில் பிடித்து வைத்து எட்டு மாதமாகிவிட்டது. இங்கே நாற்பத்திரண்டு நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். உங்கள் கடிதம் வரும் வரும் என்று நேற்று வரை பொறுத்தேன்.

மேல்மாடி நூலாவைத் தெரியும்தானே, நீங்கள் குழாய் திருத்திக் கொடுத்த அயர்லாந்துக்காரி. வலி கண்ட அன்று என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். அவர் சொன்ன பெயர் அஷ்லிங். அவர்களுடைய பழைய மொழியில் கனவு என்று அர்த்தமாம். நாடு பிறர் கையில் இருந்த காலத்தில் அவர்களின் புலவர்களுடைய கனவில் ஒரு பெண் வருவாளாம். கடல் கடந்து போனவர்கள் திரும்பி வருவார்கள், துன்பம் தீரும் என்று சொல்வாளாம். அந்தப் பாட்டுகளுக்கும் அஷ்லிங் என்றுதான் பெயர். பெண்பிள்ளைகளுக்கு வைப்பது பிறகு வந்த வழக்கமாம். இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன் வேறு ஆட்களும் படிப்பார்கள் என்பதால் இதற்கு மேல் எழுதவில்லை. உங்களுக்கு விளங்கும்.

மாமி உங்களைப் பார்க்க வரும்போது குறைப்பட்டால், கார்த்திகை நட்சத்திரத்துக்கு அந்த எழுத்துப் பொருத்தம் என்று ஐயரே சொன்னதாகச் சொல்லுங்கள். கடைக்காரக் கிறிஸ்துநாயகம் அண்ணை மட்டும், ஏன் பிள்ளை வெள்ளைக்காரப் பெயர் என்று கேட்டார். உங்களுடையது எந்த ஊர்ப் பெயர் அண்ணை என்றேன். சிரித்துவிட்டு எனக்குக் கரைத்துக் குடிக்க ஒரு பெட்டி நெஸ்டமோல்ட் மா தந்தார்.

ஒன்றை மட்டும் நான் செய்யவில்லை. பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் காதில் பெயர் சொல்லத் தம்பி பிரதாபன் வேட்டியோடு வந்தான். மறித்துவிட்டேன். பெயர் கடதாசியில்தான் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் பிள்ளை என்றே கூப்பிடுகிறோம், நூலாவுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். அவளுடைய பெயரை அவள் இன்னும் கேட்கவில்லை. தகப்பன் வந்து மூன்று முறை சொல்லட்டும். கெதியாக வாருங்கள்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
லோஜினி