பாப்பாவின் டம்ளர்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? என்னைத் தேடுகிறாளா? நான் நலம். தூக்கம்தான் சரியில்லை, வேறொன்றுமில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் வீடுகளுக்காகச் செய்யும் தண்ணீர் சுத்திகரிப்புப் பெட்டியை நேற்று அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினோம். உள்ளே ஊதா நிறத்தில் குட்டி மின்னல் வெட்டும். அது பட்ட காற்றைத் தண்ணீரில் குமிழாக விட்டால், கொதிக்க வைக்காமலே கிருமி செத்துவிடும். குளிர் பிளாஸ்மா என்பார்கள். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி, "இத உங்க பிள்ளைக்குக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள். நான் ஒரு டம்ளர் பிடித்து மடமடவென்று குடித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் தட்டவில்லை.

பயப்படாதே, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கிருமி சாவது உறுதி. மின்னலால் தண்ணீரில் சேரும் நைட்ரேட் என்ற உப்பு சின்னக் குழந்தைக்கு ஆகுமா என்பதுதான் இன்னும் தெரியவில்லை. செய்த சோதனையையே திரும்பச் செய்கிறேன். இருப்புக் கொள்ளவில்லை.

பாப்பா குடிக்கிற டம்ளரை அனுப்பி வை. கழுவாமல் அனுப்பினாலும் சரி. என் மேசையில் இருக்கட்டும். அதில் இந்தத் தண்ணீரை ஊற்ற மனம் வருகிற அன்றைக்குச் சொல்கிறேன்.

உள்ளே கூப்பிடுகிறார்கள். நான் சொல்லும்வரை பாப்பாவுக்குக் காய்ச்சிய தண்ணீரே கொடு, நன்றாக ஆறவைத்து.

உன் மகள்