இன்ஜினுக்குள் ஆற்றுத் தண்ணீர்

6 மார்ச் 1998

அன்புள்ள ரெல்யா அண்ணா,

நலமா? லின்ஸில் இன்னும் பனி கொட்டுகிறதா? நீ கொடுத்தனுப்பிய சாக்லேட்டை இரண்டே நாளில் தின்றுவிட்டேன். நீ போனதிலிருந்து இந்த வீட்டில் உன் பெயரையே எடுக்கக்கூடாது என்பதால் போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறியதுபோல இருந்தால் திட்டாதே.

அப்பா நம் குட்டிக் கார் ஃபீச்சாமேல் கிடந்த தார்ப்பாயை எடுத்துவிட்டார். ஆற்றிலிருந்து தூக்கிவந்து போட்டு நான்கு வருஷம் ஆகிறது. இப்போது துருவைச் சுரண்டி, பழையபடி வெள்ளை பெயிண்ட் அடித்து ஓட்டப் போகிறாராம். மெக்கானிக் மிலிவோய் மாமா தினமும் வருகிறார். பேச்செல்லாம் இன்ஜினைப் பற்றித்தான்.

"அறுபத்து நாலாம் வருஷத்து இன்ஜின், அதுவும் ஆத்துல ஊறினது. தூக்கிப் போட்டுட்டு வேற வைப்பா" என்கிறார் மாமா.

"அவ ஓட்டினது இதத்தான்" என்கிறார் அப்பா. அம்மாவைத்தான் சொல்கிறார்.

இன்ஜினைக் கழற்றிக் கொட்டகையில் பலகைமேல் வைத்திருக்கிறார்கள். ஸ்பார்க் பிளக்கை எடுத்ததும் சேறும், அரிசி அளவு நத்தை ஓடும் வந்தன. இரவில் அதிலிருந்து சொட்டுகிற சத்தம் என் அறைவரை கேட்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் தரை காய்ந்திருக்கிறது.

அண்ணா, அம்மா வேண்டுமென்றேதான் வண்டியை ஆற்றுக்குள் விட்டாளா? ஊரே அப்படித்தான் சொல்கிறது. அதனால்தான் பாதிரியார், தற்கொலை என்று, ஜெபம் படிக்காமல் கல்லறை வேலியோரம் புதைத்தார். அன்று காலை பழைய ஷூவைப் போடமாட்டேன் என்று அழுதேன். "நீ திரும்பி வராட்டிப் போ" என்று அம்மாவிடம் சொன்னேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

உன் தங்கை,
விஷ்னியா

லின்ஸ், 19 மார்ச்

என் சிவப்பு மூக்கிக்கு,

சாக்லேட்டைப் பங்கு வைக்காதவளுக்கு அடுத்தமுறை சோப்புதான்.

அந்த இன்ஜினைத் திறக்கவே வேண்டாம். பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடச் சொல். இங்கே நான் வேலை செய்யும் பட்டறையில் அதே வண்டியின் இன்ஜின் ஒன்று கிடைத்தது. கம்பளியில் சுற்றி, சனிக்கிழமை பஸ்ஸில் மிலிவோய் மாமா பெயருக்கு அனுப்புகிறேன். கூடவே புது ஹேண்ட் பிரேக் கம்பியும் இருக்கும். அதை முதலில் மாட்டச் சொல்.

நீ ஒன்றும் செய்யவில்லை. ஷூவுக்காக யாரும் சாகமாட்டார்கள். தூங்கு.

ரெல்யா

5 ஏப்ரல்

அன்புள்ள அண்ணா,

இன்ஜின் வந்துவிட்டது. அப்பா அதைச் சுற்றிவந்து பார்த்தார், தொடவில்லை. "முதல்ல பழசப் பிரி" என்றார்.

"பிரிச்சா நாத்தந்தான் வரும்" என்று திட்டிக்கொண்டேதான் மாமா பிரித்தார். பிஸ்டனைத் தாங்கும் கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தார். திடீரென்று என் ஜியோமெட்ரி ஸ்கேலைக் கேட்டு வாங்கி, நான்கு கம்பிகளிலும் வைத்துப் பார்த்தார்.

"ஓடுற இன்ஜின் தண்ணிக்குள்ள போனா ஒரே மூச்சுல தண்ணியக் குடிச்சிரும். தண்ணி அமுங்குமா? கம்பிதான் கொக்கி மாதிரி வளையும். இதப் பாரு, நாலும் ஸ்கேல் மாதிரி நிக்குது. உன் பொண்டாட்டி இன்ஜின அணைச்சிட்டுத்தான்யா இருந்திருக்கா. துறையில வண்டி ஏத்துற படகுக்குக் காத்துக்கிட்டிருந்திருக்கா. வண்டி தானா உருண்டிருக்கு."

அப்பா ஒரு கம்பியை எடுத்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு பாதிரியாரிடம் போனார். ஈஸ்டருக்கு அடுத்த வாரம், இறந்தவர்களை நினைக்கிற கல்லறைத் திங்களன்று, ஜெபம் படிக்க அவர் ஒத்துக்கொண்டார்.

நான் அழுது முடித்து முகம் கழுவினேன். அப்புறம்தான் பயம் வந்தது.

மாமா வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். பிரேக் கம்பி அறுந்திருக்கவில்லை. அதன் முனையில் இறுக்கிப் பிடிக்கிற லாக் நட்டுதான் இல்லை. "ஆத்துல விழுந்திருக்கும்" என்றார். "உங்கண்ணன் பலே ஆளு. இன்ஜினோட பிரேக்கும் சேத்து அனுப்பிருக்கான்" என்று என் காதில் சொல்லிச் சிரித்தார்.

அண்ணா, பிரேக்கைப் பற்றி உனக்கு யாருமே எழுதவில்லை.

அம்மா போவதற்கு முந்தின நாள் பிரேக்கை இறுக்க நீ வண்டிக்கு அடியில் படுத்திருந்தாய். நட்டுகள் கிடந்த தகர டப்பாவைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளியே உன் கூட்டாளிகள் விசிலடித்தார்கள். பாதியில் எழுந்து பந்தாடப் போனாய். நாற்பதாம் நாள் சடங்கு முடிவதற்குள் ஊரைவிட்டே போய்விட்டாய்.

அந்த நட்டு ஆற்றில்தான் விழுந்ததா? ஒரு வரி எழுது. நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

விஷ்னியா

30 ஏப்ரல்

அன்புள்ள அண்ணா,

திங்களன்று ஜெபம் படித்தார்கள். அம்மா குழிமேல் புல்லோடு பெயர்த்த மண்கட்டி வைத்து, அதன்மேல் அப்பா ஈஸ்டருக்குச் சாயம் போட்ட சிவப்பு முட்டை வைத்தார். ஊர்ப் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான்கு வருஷமாகத் தலையைத் திருப்பிக்கொண்டு போனவர்கள்தான்.

போன சனிக்கிழமை பஸ் டிரைவர் உன் உறையைக் கொடுத்தார். "ஒங்கண்ணன் உன் கடுதாசிய நின்னபடியே படிச்சான். படிச்சதும் இந்த உறைய ஒட்டிக் கையில குடுத்தான், பாப்பா" என்றார். உறைக்குள் கடிதம் இல்லை. ஒரே ஒரு நட்டு இருந்தது, உன் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து பளபளவென்று.

அதை உறையோடு தலையணைக்கடியில் வைத்திருந்தேன். நேற்று அப்பா கண்டுபிடித்துவிட்டார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. அதை நெடுநேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு கொட்டகைக்குப் போய், வண்டிக்கு அடியில் படுத்து, அவரே மாட்டினார். அது சரியாகப் பொருந்தியது.

வண்டியில் இருப்பது பழைய இன்ஜின்தான். அப்பா அதை மாற்றவில்லை. அது இருமிக்கொண்டே ஓடுகிறது, அம்மா ஓட்டும்போது இருமியது போலவே. இன்று என்னை ஏற்றிக்கொண்டு படகுத்துறைக்குப் போனார். சரிவில், ஆற்றைப் பார்த்தபடி நிறுத்தினார்.

"இறங்கு" என்றார்.

"மாட்டேன்" என்றேன்.

அவர் இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மடியில் கை வைத்துக்கொண்டார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் திசா ஆறு ஓடிக்கொண்டிருந்தது. படகுக்கார லாஸ்லோ எங்களைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். படகு அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தது. அதுவரை வண்டி ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

"அப்போ அவனுக்கு வயசு பதினாறு" என்றார் அப்பா. என்னிடம் சொன்னாரா, ஆற்றிடம் சொன்னாரா, தெரியவில்லை. பிறகு, "லின்ஸ் பஸ் சனிக்கிழமதான வருது?" என்று கேட்டார்.

இந்தக் கடிதத்தை மேஜைமுன் உட்கார்ந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். கதவு திறந்திருக்கிறது. அப்பா ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் நிறுத்தத்தில் நிற்போம், வண்டியோடு. எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. நீ வராவிட்டாலும் நிற்போம்.

விஷ்னியா