ஊன்றிய கால்

செவ்வாய், இரவு

கோபம் இன்னும் அடங்கவில்லை. இன்று பிள்ளைகளுக்குக் கூடைப்பந்தில் இருவர் ஆட்டம் பழக்கினேன். ஒருத்தி பந்தோடு ஓடுவாள். அவளை விரட்டி வருபவளின் வழியில் கூட்டாளி காலை ஊன்றி நிற்க வேண்டும், அவ்வளவுதான். யோகா என்றொரு பிள்ளை நிற்கவே மாட்டேன் என்கிறாள். விரட்டி வருவது மேல்வகுப்புப் பிள்ளை என்றால் "சொரி அக்கா" என்று மன்னிப்புக் கேட்டு ஒதுங்கிவிடுகிறாள். வீட்டிலும் குண்டசாலை பஸ்ஸிலும் ஒதுங்கியே பழகியவள்.

"சொரி சொல்லு, பரவால்ல. கால மட்டும் எடுக்காத" என்றேன்.

அதற்குள் பாடசாலையின் உப அதிபர் வந்துவிட்டார். "பொம்பளப் புள்ளைங்க இப்படி மறிச்சிக்கிட்டு நிக்கிறது நல்லாவா இருக்கு டீச்சர்? இத நிப்பாட்டுங்க. இல்லாட்டி அடுத்த தவணைக்கு வேற ஆளப் பார்ப்போம்."

"பாருங்க சேர். நான் இருக்கிற வரைக்கும் இதத்தான் பழக்குவேன்."

அவர் விறுவிறுவென்று ஆடுகளத்தின் குறுக்கே நடந்தார். வழியில் யோகா, கைகளை நெஞ்சோடு சேர்த்தபடி நின்றாள்.

"தள்ளு புள்ள."

"சொரி சேர்" என்றாள். கால் அசையவில்லை.

சேர் சுற்றிக்கொண்டுதான் போனார்.