மடக்குத் தொட்டில்

மார்ச் 3, செவ்வாய்

உறுதியான செய்தி: மகள் பதினான்காம் தேதி பேத்தியோடு வருகிறாள், இரண்டு இரவு தங்குவாள். ஆதாரம்: மகளே, தொலைபேசியில், இன்று காலை ஒன்பது பத்துக்கு. ஒரு நிபந்தனை. குழந்தை தூங்க அவளுக்கென்று தனி இடம் வேண்டும்.

"கட்டில்ல தலகாணி அடுக்குற கதையெல்லாம் வேண்டாம்ப்பா. சரியில்லன்னா சாயங்காலமே கிளம்பிடுவேன்."

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். ஜனவரி 25, பிற்பகல். கட்டிலில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள், சுற்றிலும் தலையணை. பார்த்துக்கொள்ள வேண்டியவன் நான். பத்திரிகை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. கூடத்துக்குப் போய்ப் பேசினேன். நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில்தான் அவள் பிறந்து முதல் முறையாகப் புரண்டாள். தலையணையோடு விளிம்புக்கு வந்துவிட்டவளை என் மனைவி ஓடிப் போய்ப் பிடித்தாள். அடி படவில்லை. மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஐந்து வாரமாக வரவில்லை.

திட்டியிருக்கலாம்.

மார்ச் 5, வியாழன்

குழந்தைச் சாமான் கடை. மூன்று தொட்டில் பார்த்தேன். ஒன்று மரம், பத்தொன்பது கிலோ, நகராது. ஒன்று லேசு, கை வைத்தால் ஆடுகிறது. மூன்றாவது மடக்கிப் பையில் போடுகிற வகை. நாலு பக்கமும் வலை. மண்டியிட்டு, வலையில் முகத்தை அழுத்தி மூச்சை இழுத்துப் பார்த்தேன். தாராளமாக வந்தது.

"சார், எல்லாரும் கலர்தான் கேப்பாங்க" என்றாள் கடைப் பெண்.

"குழந்தை இப்படி ஒட்டிக்கிட்டுத் தூங்குனா மூச்சு வரணும்ல?"

"வருது சார். எந்திரிங்க, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

தடிமனான மெத்தை ஒன்றையும் தள்ளிவிடப் பார்த்தாள். 'மெத்துன்னு இருக்கும்' என்றாள். ஒரே ஆளின் வாய்வார்த்தை செய்தி ஆகாது. விளக்கப் புத்தகத்தைப் பிரித்தேன்: கூட வரும் மெத்தை மட்டுமே. தெரிந்த செவிலியருக்கு போன் செய்தேன். அவரும் அதையே சொன்னார்: "கெட்டியாத்தான் இருக்கும், அதான் நல்லது. தலகாணி, போர்வை, பொம்மை எதுவும் உள்ள கூடாது. மல்லாக்கப் படுக்க வைங்க."

மனைவி ஒரு மாதமாகக் குட்டித் தலையணை ஒன்று தைத்து வைத்திருக்கிறாள். சொல்லத்தான் வேண்டியிருந்தது.

"அப்ப இத என்ன பண்றது?"

"நான் வெச்சுக்கறேன்."

"உங்க மண்டைக்குப் பத்தாது."

மார்ச் 7, சனி

வாங்கி வந்தாயிற்று. விரிக்க நாற்பது நிமிடம். மேல்விளிம்பு பூட்டவே மாட்டேன் என்றது.

"ஊர்ல நடக்குறதயெல்லாம் முப்பத்தாறு வருஷமா விளக்கி எழுதுனவரு" என்று மனைவி சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

என் தவறு வரிசையில். நான் அடியை முதலில் அழுத்திவிட்டேன். நடுப்பகுதி உயர்ந்து நிற்கும்போதே நாலு விளிம்பையும் பூட்ட வேண்டுமாம். டக், டக், டக், டக். பிறகு நடுவை அழுத்தினேன். வெற்று இடத்தில் ஓர் அறை எழுந்து நின்றது.

சும்மா சொல்லவில்லை, சுற்றிச் சுற்றி வந்தேன். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த பைக்குள் இவ்வளவு நேரமும் நாலு சுவரும் ஒரு தரையும் இருந்திருக்கின்றன. இதை முதலில் யோசித்த ஆள் யார்? அவர் பெயரை நாங்கள் யாரும் எந்தப் பத்திரிகையிலும் போட்டிருக்க மாட்டோம்.

மார்ச் 8, ஞாயிறு

பேத்தியின் எடை ஏழு கிலோ நூறு கிராம் (ஆதாரம்: மகள், போன வாரம் மருத்துவமனையில் பார்த்தது). பழைய செய்தித்தாள்களை அதே எடைக்குக் கட்டி உள்ளே படுக்க வைத்தேன். விளிம்பில் சாய்ந்தேன். உலுக்கினேன். அடி தொய்யவில்லை. மூலை நகரவில்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள். "தூங்கிடுச்சா?"

"ம்."

"பால் குடிச்சுதா?"

கட்டைத் தூக்கியபோதுதான் உறைத்தது. ஏழு கிலோ காகிதத்தில் நான் எழுதியது பாதிக்குமேல் இருக்கும். அதே ஏழு கிலோ அங்கே சிரிக்கிறது, புரள்கிறது, தன் கால் கட்டைவிரலைப் பிடித்து வாயில் வைக்கிறது.

மார்ச் 11, புதன்

தொட்டில் பற்றி மகளுக்கு இருபத்திரண்டு குறிப்புகள் எழுதி அனுப்பினேன். எடை, வலை, பூட்டு, ஜன்னலிலிருந்து தூரம், திரைக்கயிற்றை எட்டாத உயரத்தில் கட்டியது உட்பட.

மாலையில் பதில்: "எல்லாம் சரிப்பா. அவ எப்படித் தூங்குவான்னு மட்டும் நீங்க கேக்கவே இல்ல."

கடையில் கேட்டேன். செவிலியரைக் கேட்டேன். பெற்றவளைக் கேட்கவில்லை. இப்படி ஒரு செய்தியை வேறு யாராவது என் மேசைக்குக் கொண்டுவந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

இன்னொன்று. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது எப்படித் தூங்குவாள்? மனைவியிடம் கேட்டேன்.

"நீங்க வர்றப்பவும் தூங்கிட்டிருப்பா. போறப்பவும் தூங்கிட்டிருப்பா. உங்களுக்குத்தான தெரியணும்?"

தெரியாது. ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை.

மார்ச் 12, வியாழன்

மகளை அழைத்துக் கேட்டேன். பதினோரு நிமிடம் பேசினாள்.

"தூக்கி ஆட்ட வேண்டாம். தட்ட வேண்டாம். பாடவே வேண்டாம், உங்க குரலுக்கு முழிச்சுப்பா. அவ கண்ணு மட்டத்துல ஒரு முகம் இருக்கணும், அவ்ளோதான். அவளா கண்ண மூடிப்பா. அதுக்குள்ள எந்திரிச்சீங்க, போச்சு."

"எவ்ளோ நேரம்?"

"அது அவளுக்கே தெரியாதுப்பா."

தொட்டிலின் மெத்தை தரையிலிருந்து ஒரு சாண்கூட இல்லை.

மார்ச் 13, வெள்ளி

தரையில் படுத்துப் பார்த்தேன். படுக்க முடிகிறது. எழுவது தனிச் செய்தி.

மார்ச் 14, சனி

பதினொன்று இருபதுக்கு வந்தார்கள். மகள் பையைக்கூடக் கீழே வைக்காமல் தொட்டில் பக்கம் போனாள். விளிம்பில் சாய்ந்தாள், மூலைகளை உலுக்கினாள், மெத்தையை அமுக்கினாள், திரைக்கயிற்றை அண்ணாந்து பார்த்தாள். கடைசியில் மண்டியிட்டு வலையில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தாள். நான் கடையில் செய்ததை அவளிடம் சொல்லவே இல்லை!

பதினொன்று நாற்பதுக்குக் குழந்தையைக் கிடத்தினாள். "படுங்க" என்றாள் என்னிடம். போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் படுத்தேன்.

பேத்தி என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். நடுவில் வலை மட்டும். எத்தனையோ பேரை முகத்துக்கு நேரே பார்த்துக் கேள்வி கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு பார்வைக்கு எதிரே இருந்ததில்லை. இமைக்காமல், அவசரமில்லாமல், என்னைப் பற்றி எதுவும் தெரியாமல். கையை வலையில் வைத்தாள். ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஒரு துளி உள்ளங்கை பிதுங்கி வந்தது. அவள் மூச்சு என் உதட்டில் பட்டது.

இமை பாதி இறங்கும். நிற்கும். திறந்து, நான் இருக்கிறேனா என்று பார்க்கும். மறுபடி இறங்கும். என் இடது தோள் மரத்துப்போனது. அசைந்தால் தீர்ந்தது. எத்தனை நிமிடம்? குறிக்கவில்லை. என் வாழ்க்கையில் நேரம் குறிக்காத நிகழ்ச்சி இது ஒன்றுதான். ஒருமுறை இறங்கிய இமை திறக்கவில்லை. வயிறு மட்டும் ஏறி இறங்கியது. ஏறு என்று யாரும் சொல்லவில்லை, இறங்கு என்றும் சொல்லவில்லை. தானாக, அந்தச் சின்ன உடம்புக்குள்... இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

மனைவி வந்து கிசுகிசுத்தாள். "போன் மூணு தடவ அடிச்சுது. யாருன்னு கேக்கலயா?"

"இல்ல."

"உங்க மக பின்ரூம்ல தூங்குறா. போய்ப் பாருங்க. நான் இங்க இருக்கேன்."

போய்ப் பார்த்தேன். பையின் வார் இன்னும் தோளில். இடக் கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து, வாய் லேசாகத் திறந்து, முழங்காலை மடக்கி. இப்படித்தான் தூங்குகிறாள். ஆதாரம்: நானே, நேரில்.

மார்ச் 16, திங்கள்

காலை பத்து ஐந்துக்குக் கிளம்பினார்கள். இரண்டு இரவும் தங்கினார்கள். வழியனுப்பும் முன்பே தொட்டிலின் நடுவை மேலே இழுத்துவிட்டேன். மடக்கும்போது அதுதான் முதல் வேலை. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மகள் திரும்பிப் பார்த்தாள்.

"மடக்காதீங்கப்பா. அப்படியே இருக்கட்டும்."

மறுபடி அழுத்தி விட்டேன். அதே இடத்தில் விரித்தபடி இருக்கிறது.

அடுத்த வருகை எப்போது என்பது இன்னும் உறுதியாகவில்லை. அலுவலகத்தில் விடுப்பு கேட்டிருக்கிறாளாம். இந்த முறை நான்கு இரவு. வெள்ளிக்கிழமை மாலைக்குள் தெரியும்.