இல்லாத மடிப்பு

எந்தக் கல்லைக் கண்டாலும் நாக்கில் வைத்துப் பார்க்கும் என் உப்புக்கல்லுக்கு,

நலம். உன் அம்மா எழுந்து நடமாடுகிறார் என்று உன் அண்ணன் போனில் சொன்னார். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. கூடவே, "அவ இனிமே படிக்க வரமாட்டாம்மா, வீட்ட யாரு பாத்துக்கிறது?" என்றார். அதை உன் வாயால் கேட்காதவரை நான் நம்பப் போவதில்லை. உன் போன் அணைந்தே கிடப்பதால் இந்தக் கடிதம்.

கனிமவியல் செய்முறைத் தேர்வு முடிந்தது. தட்டில் இருந்த வெள்ளைக் கல்லை நகத்தால் கீறி, கத்தியால் கீறி, திருதிருவென முழித்தேன். கடைசியில் பேராசிரியர் அந்தப் பக்கம் திரும்பியதும் உன்னைப் போலவே நக்கினேன். உப்பு! சிரிப்பு தாங்கவில்லை. சொல்லிச் சிரிக்கத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

விடுதியில் உன் கட்டிலை வேறொருத்திக்குக் கொடுக்கலாமா என்று வார்டன் கேட்டார். வந்துவிடுவாள் என்று சொல்லிவிட்டேன். காலியாகத் தெரியாதிருக்க, என் கற்களை அதன்மேல் பரப்பி வைத்திருக்கிறேன்.

போன வாரம் மலையடிவாரத்துக்குப் போனோம். பாறை அடுக்குகள் எந்தத் திசையில் சாய்கின்றன என்று அளந்து வரைபடம் போட வேண்டும். எல்லோரும் ஜோடி ஜோடியாகப் போனார்கள். வேறொரு ஜோடியோடு சேர்ந்துகொள்ளச் சொன்னார் பேராசிரியர். தனியாகவே பார்த்துக்கொள்கிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். மாலையில் வரைந்து பார்த்தால், அடுக்குகள் வளைந்து அழகான ஒரு மடிப்பு! வேறு யார் வரைபடத்திலும் அது இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பேராசிரியர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு என் இடுப்பைப் பார்த்தார். "சுத்தியல இடுப்புல தொங்கவிட்டுக்கிட்டேவா திசைகாட்டியப் பிடிச்சே?" என்றார். நான் திரும்பிய பக்கமெல்லாம் சுத்தியலின் இரும்பு திசைகாட்டியின் முள்ளைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது. மடிப்பு மலையில் இல்லை. வகுப்பே சிரித்தது.

அப்போதுதான் உறைத்தது. நான் திசைகாட்டியை எடுக்கும்போதெல்லாம் நீ ஒன்றும் பேசாமல் என் சுத்தியலை உருவிக்கொண்டு தள்ளிப் போய் நிற்பாய். இத்தனை நாளில் ஒரு தடவைகூட அதை நான் கவனித்ததில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். தனியாக இருக்க எனக்குப் பிடிக்கவே இல்லையடி.

விடுமுறை முடிந்ததும் கடைசிக் களப்பணி. அதற்கு வராதவர்களின் பெயரை வகுப்புப் பதிவேட்டிலிருந்தே எடுத்துவிடுவார்களாம். அம்மாவை விட்டுவிட்டு வா என்று எழுதக் கை வரவில்லை. நான் சமாளித்துக்கொள்வேன், நீ அங்கேயே இரு என்று எழுதவும் வரவில்லை. உன் அண்ணனுக்கும் இரண்டு கைகள் இருக்கின்றன என்பதை மட்டும் அவரிடம் சொல்.

அம்மா பூரண குணமடையட்டும். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. அந்த மலையை மறுபடி அளக்கச் சொல்லியிருக்கிறார்கள். சுத்தியலைத் தூர வைத்துவிட்டு அளக்க இப்போது கற்றுக்கொண்டேன்.

ஆனாலும் வா.

கட்டிலில் இருந்து கற்களை இறக்கக் காத்திருக்கும்,
உன் கூட்டாளி